கையால் செய்த இழுப்பறை சிக்காமல், ஆடாமல் ஓட: முழுமையான வழிகாட்டி

இழுப்பறை செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். மேசையில் இழுப்பறை நுழையும் திறப்பை, அதாவது வாயை, டேப்பால் அளக்கிறார்கள். அதில் இரண்டு மி.மீ. கழித்து ஒரு பெட்டி செய்கிறார்கள். எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு பெட்டியை வாய்க்குள் தள்ளிப் பார்க்கிறார்கள். அது பாதியில் சிக்கிக்கொள்கிறது, இல்லையென்றால் லொடலொடவென்று ஆடுகிறது. சிக்கினால் எந்த இடத்தில் சிக்குகிறது என்று தெரியாமல் நாலு பக்கமும் இழைக்கிறார்கள். அதோடு அந்த இழுப்பறை முடிந்தது.

இங்கே சொல்லும் வரிசையில் பெட்டி கடைசியில்தான் வரும். முகப்பலகை, இரண்டு பக்கப்பலகைகள், பின்பலகை ஆகிய நான்கையும் இணைப்பதற்கு முன்பே தனித்தனியாக அந்த வாயில் வைத்துப் பொருத்திவிடுவோம். இணைத்து ஒட்டிய பிறகு மிச்சமிருப்பது ஒரு தாளின் கனம் இழைப்பது மட்டும்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தேக்கு எழுதுமேசை. வாயின் அகலம் 420 மி.மீ., உயரம் 110 மி.மீ., உள்ளாழம் 440 மி.மீ. மரத்தின் மேல் மரமே ஓடும் இழுப்பறை இது. டெலஸ்கோப்பிக் சேனல் (நீண்டு சுருங்கும் உலோகத் தடம்) போடும் வேலைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். சேனலே கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நன்றாகத் தீட்டிய ஒரு நடுத்தர இழைப்புளி, குறைந்தது 300 மி.மீ. நீளமுள்ள இன்னொரு இழைப்புளி, பல் நெருக்கமான சிறு ரம்பம், 6, 12, 20 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், இரண்டு மார்க்கிங் கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் கருவி), காடி (பலகையில் நீளமாக ஓடும் பள்ளம்) எடுக்கும் இழைப்புளி, கூர்மையான கத்தி. கேஜ் இரண்டு வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு கேஜை மாற்றி மாற்றி வைத்தால் முதலில் வைத்த அளவு திரும்பக் கிடைக்காது. இந்த வேலையில் அரை மி.மீ. என்பது பெரிய தூரம்.

பலகை முனையை 90 பாகைக்கு இழைக்க ஒரு தாங்குபலகை செய்துகொள்ளுங்கள். அகலமான ஒரு பிளைவுட் துண்டு. அதன்மேல், இழைப்புளி படுத்து ஓட ஓரத்தில் இடம் விட்டு, கொஞ்சம் குறுகலான இரண்டாவது துண்டு. மேல்துண்டில் குறுக்கே, மூலைமட்டம் பிடித்துத் திருகிய ஒரு தடுப்புக்கட்டை. இது இல்லாமல் நாலு பலகைகளின் முனையையும் சதுரமாக எடுப்பது பழகிய கைக்கே கடினம்.

தேக்கில் சிலிக்கா உண்டு. இழைப்புளி வாய் சீக்கிரம் மழுங்கும். வேலை நடுவில் தீட்டக் கல் பக்கத்திலேயே இருக்கட்டும். மழுங்கிய வாயால் தாள் கனத்துக்குச் சீவ முடியாது. வாய் வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தினால் திடீரென்று ஆழமாகக் கடிக்கும்.

2. மரம் எடுப்பது, ஆற வைப்பது

முகப்பலகைக்கு 20 மி.மீ. கனம், பக்கங்களுக்கு 12, பின்பலகைக்கு 10, அடிப்பலகைக்கு 6. பக்கங்களுக்கு, வெட்டுமுனையில் பார்த்தால் வளையங்கள் நெட்டாக நிற்கும் பலகையைத் தேடி எடுங்கள். காரணம் ஒரு கணக்கு. மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினால், 110 மி.மீ. உயரமுள்ள தேக்குப் பலகை வளையம் படுத்திருந்தால் சுமார் 0.8 மி.மீ. உப்பும். வளையம் நெட்டாக நின்றால் சுமார் 0.45 மி.மீ. மட்டும்தான். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வரியை மனதில் வையுங்கள், இந்த வேலை முழுக்க அது கூடவே வரும். இழுப்பறையின் அகலம் முகப்பலகையின் நீளத்தால் வருவது. அது மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. உயரம் பலகையின் அகலத்தால் வருவது. அது மாறும். வாயின் உயரமோ மேசைக்காலின் நீளவாக்கில் இருப்பதால் அப்படியே நிற்கும். ஆகவே இடவலமாக இறுக்கமாகப் பொருத்தலாம், மேல்கீழாக இடம் விட்டே ஆக வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கவாட்டில் தாராளமாக இடம் விட்டுவிட்டு, உயரத்தில் பிடித்துவைக்கிறார்கள்.

பலகைகளை வேண்டிய கனத்துக்கு 2 மி.மீ. கூடுதலாக இழைத்து, நடுவே ரீப்பர் துண்டுகள் வைத்து அடுக்கி, மேசை இருக்கும் அறையிலேயே இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் இறுதிக் கனத்துக்கு இழையுங்கள். ஒரேயடியாக 25 மி.மீ. பலகையை 12-க்கு இறக்கினால், உள்ளே இருந்த ஈரமும் இறுக்கமும் வெளிப்பட்டு மறுநாள் காலையில் பலகை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

3. வாயைச் சரிபார்ப்பது

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. என் அனுபவத்தில் இழுப்பறை ஓடாததற்குப் பாதிக் காரணம் மேசைக் கூட்டுக்குள்தான் இருக்கிறது.

உள்ளே மூன்று வகைக் கட்டைகள் உண்டு. இழுப்பறை உட்கார்ந்து ஓடும் தாங்குகட்டை, பக்கவாட்டில் வழிகாட்டும் பக்கக்கட்டை, வெளியே இழுக்கும்போது முன்பக்கம் தலை சாயாமல் பிடிக்கும் மேல்கட்டை. மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

தாங்குகட்டையின் மேல்பக்கமும் வாயின் கீழ்ச்சட்டத்தின் மேல்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நேர்க்கட்டையை முன்னிருந்து பின்னாக வைத்தால் எங்கும் வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு ஒரே அகலமுள்ள இரண்டு நேர்க்கட்டைகளை எடுத்து, ஒன்றை முன்சட்டத்தின் மேலும் மற்றொன்றைத் தாங்குகட்டைகளின் பின்முனைகளின் மேலும் குறுக்கே வையுங்கள். குனிந்து, முன்கட்டையின் மேல்விளிம்போடு பின்கட்டையின் மேல்விளிம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் தாங்குகட்டைகளில் முறுக்கு இருக்கிறது. அதை இப்போதே இழைத்துச் சரி செய்யுங்கள். விட்டால், நீங்கள் செய்யும் மிகச் சரியான இழுப்பறைகூட இரண்டு மூலைகளில் நின்று ஆடும். அப்போது குற்றம் இழுப்பறை மேல் விழும், நல்ல அடிவிளிம்பை நீங்களே இழைத்துக் கெடுப்பீர்கள்.

அடுத்து அகலம். முன்வாயை விடப் பின்பக்கம் அரை மி.மீ. அகலமாக இருப்பது நல்லது. ஒருபோதும் குறுகலாக இருக்கக்கூடாது. உள்ளே போகப் போகக் குறுகினால் இழுப்பறை ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். அளக்க டேப் வேண்டாம். இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, இரு முனைகளும் இரு பக்கமும் தொடும்வரை நீட்டி, விரலால் இறுக்கிக்கொண்டு அப்படியே பின்னால் கொண்டுபோங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே தளர்கிறது என்று கைக்கே தெரியும். முட்டும் இடத்தில் பக்கக்கட்டையை இழையுங்கள்.

மேல்கட்டை தாங்குகட்டைக்கு இணையாக இருந்தால் போதும். அது பின்னால் உயர்ந்துபோனால், பாதி வெளியே இழுக்கும்போது இழுப்பறை மூக்கு குத்தும்.

4. முகப்பலகையைப் பொருத்துவது

முதலில் கீழ்விளிம்பை நேராக இழைத்து, அதை முன்சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு இடமுனை. வாயின் இடது பக்கம் சரியாக 90 பாகையில் இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டாம். வாய் எப்படி இருக்கிறதோ அப்படியே முனையை இழைக்க வேண்டும். 89.5 பாகை என்றால் முகப்பலகையும் அதே 89.5.

இடமுனை ஒட்டிய பிறகு பலகையை வாய்க்கு எதிரே நிறுத்தி, வலது பக்கம் கத்தியால் குறியிடுங்கள். கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, இழைத்து இழைத்துக் கோட்டுக்கு வாருங்கள். இங்கே ஒரு சிறு கைவேலை உண்டு. முனைகளை இழைக்கும்போது உள்முகத்தின் பக்கம் மயிரிழை கூடுதலாக எடுங்கள். உள்முகம் வாய்க்குள் இரண்டு மி.மீ. நுழையும், வெளிமுகம் நுழையாமல் நிற்கும். இந்த நிலையில் நிறுத்திவிடுங்கள்.

நுழையாமல் நிற்கிறதே என்று இன்னும் இழைக்கக் கை பரபரக்கும். வேண்டாம். அந்த மயிரிழைதான் கடைசியில் முகத்தைச் சுற்றி வரும் கோட்டை இரு பக்கமும் ஒரே சீராகக் காட்டப்போகிறது. இப்போது பலகை தாராளமாக நுழைந்துவிட்டால், முடிவில் அந்தப் பக்கம் இடைவெளி தெரியும். அதை நிரப்ப வழியே இல்லை.

உயரத்தையும் இப்போதைக்கு இறுக்கமாகவே விடுங்கள். பருவத்துக்கு ஏற்ற இடத்தைக் கடைசியில் எடுப்போம்.

5. பக்கப்பலகைகள்

இரண்டு பலகைகளையும் எடுத்து, எது இடம், எது வலம், எந்த முனை முன், எந்த முகம் வெளி என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதாமல் நினைவில் வைத்துக்கொண்டவர்கள் ஒரு தடவையாவது இரண்டு இடப்பலகை செய்திருக்கிறார்கள்.

வெளிமுகத்தைத் தேர்வதற்கு இரண்டு விதிகள். மரத்தின் வைரப்பக்கம், அதாவது மரத்தின் நடுவை நோக்கியிருந்த முகம், வெளியே இருக்கட்டும். காயும்போது பலகை வைரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழியும். அப்போது மேல்கீழ் விளிம்புகள் உள்நோக்கி வளைவதால் மூலை இணைப்பு திறக்காது. இரண்டாவது, ரேகை, அதாவது மர நாரின் ஓட்டம், முன்னிருந்து பின்னாக இழைக்க வாகாக ஓட வேண்டும். கடைசியில் இழுப்பறையை முன்பக்கத்திலிருந்துதான் இழைக்கப்போகிறோம். ரேகை எதிராக இருந்தால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு விதிகளும் மோதினால் நான் ரேகைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். வளையம் நெட்டாக நிற்கும் பலகையில் குழிவு எப்படியும் குறைவு.

கீழ்விளிம்பை நேராக்குங்கள். பிறகு பலகையை அதன் பக்கத்தில் வாய்க்குள் நிறுத்தித் தள்ளுங்கள். மேல்விளிம்பை இழைத்து இழைத்து, பலகை முன்னிருந்து பின்வரை ஒரே அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போகும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே போகும்போது ஓரிடத்தில் இறுகினால் அந்த இடத்தில் மேல்கட்டை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பலகையை இழைக்காதீர்கள், கட்டையைப் பாருங்கள்.

நீளம் 410 மி.மீ. போதும். முகப்பலகையின் கனத்தில் இணைப்புக்கு முன்னால் விடும் 6 மி.மீ. சேர்ந்தாலும் பின்னால் 20 மி.மீ.க்கு மேல் காலியிடம் இருக்கும். இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்து முனைகளை ஒன்றாக இழையுங்கள். ஒன்று அரை மி.மீ. நீண்டாலும் பெட்டி சாய்சதுரமாகிவிடும். அதை எந்தக் கிளாம்பும் திருத்தாது.

6. பின்பலகை

நீளத்தை அளக்க வேண்டாம். முகப்பலகையின் மேல் வைத்து, அதே நீளத்துக்குக் கத்தியால் குறியிட்டு எடுங்கள். வாய் பின்பக்கம் அரை மி.மீ. அகலமாக இருப்பதால் இந்த நீளமே தளர்வாக ஓடும்.

உயரம் குறைவாக இருக்கும். கீழ்ப்பக்கம் அடிப்பலகை நுழைவதற்காகக் காடியின் மேல்விளிம்பு வரை எடுத்துவிடுகிறோம். மேல்பக்கம் பக்கப்பலகையை விட 6 மி.மீ. தாழ்த்துகிறோம். பொருத்தம் சரியாக அமைந்த இழுப்பறை உள்ளே போகும்போது காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். பின்பலகை தாழ்ந்திருந்தால் காற்று வெளியேற வழி கிடைக்கும்.

7. காடியும் இணைப்பும்

முகப்பலகையின் உள்முகத்திலும் இரண்டு பக்கப்பலகைகளின் உள்முகத்திலும் ஒரே கேஜ் அளவில் காடி எடுங்கள். கீழ்விளிம்பிலிருந்து 9 மி.மீ. உயரத்தில், 5 மி.மீ. ஆழம், 6 மி.மீ. அகலம். 9 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. கடைசியில் முன்சட்டத்தின் மேல் ஒரு நிறுத்துகட்டை வைப்போம். அடிப்பலகை அதன்மேல் உரசாமல் தாண்ட வேண்டும். காடியை 5 மி.மீ. உயரத்தில் எடுத்துவிட்டு நிறுத்துகட்டைக்கு இடம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கப்பலகை 9 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால் அதில் காடி எடுக்காதீர்கள். பலகை வலுவிழக்கும். காடி எடுத்த ஒரு தனிப்பட்டையைக் கீழே உள்பக்கம் ஒட்டுங்கள். ஓடும் பரப்பும் அகலமாகும், தேய்மானமும் குறையும்.

மூலைகளுக்கு டவ்டெயில், அதாவது புறாவால் வடிவில் வெட்டிய வால்கள் எதிர்ப்பலகையின் பள்ளங்களுக்குள் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. முன்பக்கம் முகத்தில் தெரியாத வகை, பின்பக்கம் முழுதாகத் துளைத்து வரும் வகை. முகப்பலகையின் 20 மி.மீ. கனத்தில் வால் 14 மி.மீ. நுழையட்டும், 6 மி.மீ. முன்னால் நிற்கட்டும். கீழேயுள்ள வால், காடி இருக்கும் இடத்தை மூடும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் முகப்பலகையின் முனையில் காடி ஓட்டையாகத் தெரியும்.

டவ்டெயிலை வெட்டுவது தனிப் பாடம். பொருத்தத்துக்கு முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். முகப்பலகையின் உள்முகத்தில் முனையிலிருந்து கோடு கிழிக்கும்போது, கேஜைப் பக்கப்பலகையின் கனத்துக்கு வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு தாள் கனம், அதாவது சுமார் 0.1 மி.மீ. குறையுங்கள். சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய அந்தக் கனம்தான். அதே கேஜால் பின்பலகையிலும் கிழியுங்கள். இப்படிச் செய்தால், சேர்த்த பிறகு பக்கப்பலகை முகப்பலகையின் முனையை விட ஒரு தாள் கனம் வெளியே துருத்தி நிற்கும்.

ஏன் இதைக் கேட்கிறோம்? முகப்பலகையின் நீளம் ஏற்கெனவே வாய்க்கு ஒட்டியது. கடைசியில் பக்கப்பலகையின் துருத்தலை மட்டும் இழைத்து, முகப்பலகையின் முனையை இழைப்புளி தொட்டவுடன் நிறுத்தினால், இழுப்பறையின் அகலம் தானாகவே வாயின் அகலத்துக்கு வந்து நிற்கும். கேஜைக் கூட்டி வைத்தால் முகப்பலகையின் முனை வெளியே துருத்தும். அதை இழைத்தால் முகம் குட்டையாகிவிடும். அரும்பாடுபட்டுப் பொருத்திய அளவு கையை விட்டுப் போய்விடும்.

8. சேர்த்து ஒட்டுவது

ஒட்டுவதற்கு முன் பாதி ஆழத்துக்கு மட்டும் தட்டிச் சேர்த்துப் பாருங்கள். முழுக்கத் தட்டிச் சேர்த்துப் பிரித்தால் டவ்டெயில் தளர்ந்துவிடும். உள்முகங்களை இப்போதே இறுதியாக இழைத்து முடியுங்கள். பிறகு மூலைக்குள் இழைப்புளி போகாது.

தேக்கில் எண்ணெய் உண்டு. பல நாளுக்கு முன் வெட்டிய பரப்பில் பசை பிடிக்காது. வெட்டிய அன்றே ஒட்டுவது நல்லது. இல்லையென்றால் தின்னர் தொட்ட துணியால் இணைப்பைத் துடைத்து, உலர்ந்த உடனே ஒட்டுங்கள். சாதாரண வெள்ளைப் பசையே போதும், ஆனால் நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அதிகாலையில் செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

சேர்த்த உடனே இரண்டு பார்வை. முதலில் மூலைவிட்டம். ஒரு குச்சியைக் கூராக்கி ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்துக் குறியிட்டு, அடுத்த மூலைவிட்டத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் வாக்கில் மெதுவாக அழுத்தினால் திரும்பும். இரண்டாவது, சமதளத்தில் வைத்து நான்கு மூலைகளும் உட்காருகின்றனவா என்று பாருங்கள். ஆடினால், தாழ்வாகத் தொங்கும் மூலையின் கீழ் ஒரு அட்டையை வைத்து, உயர்ந்த மூலைகளில் கனம் ஏற்றி அப்படியே காயவிடுங்கள்.

கிளாம்பை முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள். டவ்டெயில் சரியாக இருந்தால் கொட்டாப்புளியால் தட்டியதே போதும். அதிக இறுக்கத்தில் பக்கப்பலகை உள்வாங்கி வளையும். அந்த வளைவோடு பசை காய்ந்தால் இழுப்பறை நடுவில் ஒல்லியாகவும் முனைகளில் பருத்தும் இருக்கும்.

அடிப்பலகையை இப்போது போட வேண்டாம். அடுத்த படிக்கு இழுப்பறை வெறும் சட்டமாகவே வேண்டும்.

9. இழைத்துப் பொருத்துவது

ஒரு தடித்த பலகையை வேலைமேசையில் கிளாம்ப் போட்டு, இழுப்பறை நீளத்துக்கு வெளியே நீட்டியபடி வையுங்கள். இழுப்பறைச் சட்டத்தை அதன்மேல் மாட்டினால், இழைக்கப்போகும் பக்கப்பலகை முழுவதும் அந்தப் பலகையில் படுத்துக்கொள்ளும். இந்தத் தாங்கல் இல்லாமல் இழைத்தால் 12 மி.மீ. பலகை நடுவில் அமுங்கி, அங்கே குறைவாகவும் முனைகளில் அதிகமாகவும் சீவப்படும்.

முதலில் கீழ்விளிம்புகள். பெட்டியைச் சமதளத்தில் வைத்து ஆட்டம் இருந்தால் எடுங்கள். பின்மூலைகளில் சிலாம்பு பெயராமல் இருக்க, விளிம்பில் முன்கூட்டியே சிறு சரிவு கொடுங்கள். அப்புறம் பக்கங்கள். முன்னிருந்து பின்னாக, மெல்லிய சீவல், பக்கம் முழுவதும் ஒரே எண்ணிக்கை. முகப்பலகையின் வெட்டுமுனையை இழைப்புளியின் வாய் தொடும்போது ஓசை மாறும், சீவலோடு தூள் வரும். அங்கே நிறுத்துங்கள்.

இப்போது வாயில் வைத்துத் தள்ளுங்கள். அநேகமாக முழுதும் போகாது. பலம் கொடுக்காமல் முட்டும் வரை மட்டும் தள்ளி, வெளியே எடுத்து, பக்கங்களை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று மின்னும். அந்த மின்னலை மட்டும் ஒரே ஒரு சீவல் எடுங்கள். மறுபடி தள்ளுங்கள். இது பத்துப் பதினைந்து தடவை நடக்கும், அவ்வளவு நேரம் எடுக்கத்தான் செய்யும். புதிதாக வரும் தம்பிகள் மூன்றாவது தடவையிலேயே “அண்ணே, உப்புத்தாள் போட்டுடட்டுமா?” என்று கேட்பார்கள். உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தேய்க்கும், விளிம்புகளை உருட்டிவிடும். எங்கே எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு போய்விடும்.

மின்னல் தெரியவில்லை, ஆனாலும் சிக்குகிறது என்றால், மேசையின் பின்பக்கம் ஒரு டார்ச்சை வைத்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத ஓரம்தான் உரசும் ஓரம்.

இடவலமாக எப்போது போதும்? இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிரண்டு தாள் கனத்துக்குள், ஒரு விரலால் நடுவில் தள்ளினால் போகும் நிலை வந்ததும் நிறுத்துங்கள்.

உயரத்துக்குப் பருவம் பார்க்க வேண்டும். நான் முதலில் செய்த எழுதுமேசையைப் பங்குனியில் முடித்தேன். உயரத்தில் கால் மி.மீ.தான் விட்டிருந்தேன், அழகாக ஓடியது. கார்த்திகை மழையில் அது திறக்கவே இல்லை. உள்ளே இருந்த காகிதங்களை எடுக்க மேசையின் பின்பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது நான் பின்பற்றும் கணக்கு, 110 மி.மீ. உயரத்துக்கு: வறண்ட மாதங்களில் பொருத்தினால், வளையம் படுத்த பலகைக்கு மேலே 1 மி.மீ., நெட்டாக நிற்பதற்கு 0.6. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பொருத்தினால் 0.3 போதும், மரம் இனிச் சுருங்கத்தான் போகிறது. எப்போதும் குளிரூட்டிய அறைக்குப் போகும் மேசை என்றால் அங்கே காற்று வறண்டிருக்கும். கொஞ்சம் இறுக்கமாகவே விடலாம்.

10. அடிப்பலகை

ரேகை இடவலமாக ஓட வேண்டும். அப்போது அடிப்பலகை முன்பின்னாக மட்டுமே உப்பும், சுருங்கும். பக்கங்களைத் தள்ளாது. சுமார் 400 மி.மீ. ஆழமுள்ள தேக்கு அடிப்பலகை, அதே 4 சதவீத ஈர மாற்றத்தில், வளையம் படுத்திருந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. அசையும். ரேகையை முன்பின்னாக வைத்தால் இந்த அசைவு பக்கங்களை நெட்டித் தள்ளி, நீங்கள் தாள் கனத்தில் பொருத்திய அகலத்தைப் பாழாக்கும்.

பின்னாலிருந்து காடியில் நுழைத்து, முகப்பலகையின் காடியில் மட்டும் நடுவில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பின்பலகைக்கு நேர் கீழே, அடிப்பலகையில் முன்பின்னாக 5 மி.மீ. நீளத் துளை போட்டு, அதன் வழியே பின்பலகைக்குள் ஒரே ஒரு திருகு, அதுவும் இறுக்காமல். சுற்றிலும் பசை போட்டவர்களின் அடிப்பலகை முதல் கோடையிலேயே நடுவில் பிளந்திருக்கிறது.

11. நிறுத்துகட்டையும் மெழுகும்

40 மி.மீ. நீளம், 6 மி.மீ. உயரமுள்ள இரண்டு கட்டைகள். கேஜை முகப்பலகையின் கனத்துக்கு வைத்து, முன்சட்டத்தின் மேல் கோடு கிழித்து, அந்தக் கோட்டில் ஒட்டுங்கள். முகம் சட்டத்தோடு சமமாக நிற்கிறதா என்று பார்த்து, இழுப்பறை உள்வாங்கினால் கட்டையின் முன்னால் ஒரு தாளோ மெல்லிய சீவலோ ஒட்டியும், வெளியே நின்றால் கட்டையில் ஒரு சீவல் எடுத்தும் சரிசெய்யுங்கள். இரண்டு கட்டைகளிலும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் முட்டினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் இழுப்பறை கோணும். இழுப்பறையின் பின்முனையை மேசையின் பின்பலகையில் முட்டவிட்டு நிறுத்தாதீர்கள். அடிக்கடி வேகமாக மூடினால் பின் இணைப்பு தளரும்.

முகத்துக்கு என்ன மெருகு வேண்டுமானாலும் போடுங்கள். பக்கங்களின் வெளிமுகத்துக்கும் கூட்டின் உட்புறத்துக்கும் வார்னிஷ் வேண்டாம். அதன் கனமே நீங்கள் விட்ட இடத்தைத் தின்றுவிடும், வெப்பத்தில் ஒட்டவும் செய்யும். எண்ணெயும் வேண்டாம், மூடிய இடத்தில் காறல் வாடை நிற்கும். தாங்குகட்டை, கீழ்விளிம்பு, பக்கங்கள் மூன்றிலும் தேன்மெழுகோ சாதாரண மெழுகுவர்த்தியோ தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்தால் போதும்.

12. ஓடவில்லை என்றால் எங்கே பார்ப்பது

நடுவில் தள்ளினால் போகிறது, ஓரத்தில் தள்ளினால் கோணிக்கொள்கிறது: பக்கங்களில் இடம் அதிகம். இன்னும் இழைத்தால் இன்னும் கோணும். பக்கக்கட்டையின் மேல் மெல்லிய பட்டை ஒட்டி இடத்தைக் குறைக்க வேண்டும். ஆழத்தை விட அகலம் அதிகமான இழுப்பறைகளில் இது சீக்கிரம் வரும். அத்தகைய மேசைக்கு முடிந்தால் இரண்டு சிறு இழுப்பறையாகப் பிரித்துவிடுங்கள்.

கடைசி 50 மி.மீ.யில் மட்டும் இறுகுகிறது: பக்கக்கட்டை பின்னால் குறுகியிருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்பி, குச்சிகளை எடுங்கள்.

மூடிய பிறகு முகத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே நிற்கிறது: முதலில் நிறுத்துகட்டைகளைப் பாருங்கள். அவை சரி என்றால் பெட்டியில் முறுக்கு. முறுக்கு ஒரு மி.மீ.க்குள் என்றால் கீழ்விளிம்பின் உயர்ந்த மூலைகளில் இழைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பெட்டியைப் புதிதாகச் செய்வதுதான் குறுகிய வழி.

மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது: அப்போது இழைக்காதீர்கள். எங்கே உரசுகிறது என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, தை பிறந்து மரம் காய்ந்த பிறகு, குறித்த இடத்தில் மேல்விளிம்பில் இரண்டு சீவல் எடுங்கள். ஈரத்தில் உப்பி நிற்கும்போது தாராளமாக இழைத்தால், சித்திரையில் இழுப்பறைக்கு மேல் ஒரு விரல்நகம் நுழையும் சந்து தெரியும்.